அளவெடுத்த கை

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், சென்னையிலிருந்து வந்திருந்த என் மகள், தன் பிள்ளைக்குச் சிறுத்துப்போன உடைகளையெல்லாம் கூடத்தில் பரப்பித் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு இத்தனை உடைகளா என்று நான் மலைத்துப் போனேன். கடையில் வாங்கியவை, உறவினர் அன்பளிப்பாய்த் தந்தவை, வளைகுடாவிலிருந்து வந்தவை எல்லாம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக ஒரு பையில் விழுந்துகொண்டே இருந்தன. ஒன்றை மட்டும் அவள் எடுத்தாள், வைத்தாள், மீண்டும் எடுத்தாள். என் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் மறைந்துவிடக்கூடிய மஞ்சள் நிற ஜபலா ஒன்று. பிள்ளை பிறந்த நாற்பதாம் நாளுக்கென்று என் மனைவி தைத்தது.

"இதை என்ன செய்வது அத்தா?"

"பையில் போடேன் அம்மா. மற்றவற்றைப் போல அதுவும் சிறுத்துப் போனதுதானே?"

"மனம் வரவில்லையே."

அவ்வளவுதான் சொன்னாள். ஆயினும் அச்சொல் என்னை இரண்டு மூன்று நாட்கள் விடவில்லை. ஏன் மனம் வரவில்லை? பையில் விழுந்ததும் பருத்தி. கையில் தங்கியதும் பருத்தி. நேர்த்தி என்று பார்த்தால் கடைச் சட்டையின் தையலே நேர்த்தி. விலையும் அதற்கே கூடுதல். அணிந்த பிள்ளைக்கோ இரண்டில் எதுவும் நினைவில் இல்லை. அன்புதான் காரணம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அந்த விடை எனக்குப் போதவில்லை. கடையில் ஒரு மணி நேரம் நின்று பத்துச் சட்டைகளைப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்த என் மருமகனிடம் இல்லாத அன்பா? அவர் கொடுத்த பணமும் வியர்வை சிந்தி ஈட்டியதுதானே? அப்படியிருக்க, ஒன்றை எளிதாகக் கொடுக்கவும் மற்றொன்றைக் கொடுக்க முடியாமல் நிற்கவும் செய்வது எது?

இதனை எண்ணும்போது என் நன்னியின் நினைவு வந்தது. நன்னி ஊசியைக் கையில் எடுத்தால் பிஸ்மி சொல்லாமல் நூல் கோக்க மாட்டார். ஆனால், பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒரு கந்தலைக்கூடத் தைக்க அவர் இசைந்ததில்லை. கருவுற்ற பெண் யாரேனும் ஆசையோடு துணியை விரித்துவிட்டால் கத்தரியை மெல்ல வாங்கி வைத்துவிடுவார். பிறந்த பிள்ளையை முதலில் பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது அவருடைய சட்டம். பலமுறை துவைத்து நைந்த நன்னாவின் வேட்டியே அதற்கு உகந்தது. தூளி கட்டுவதும் பழஞ்சேலையில்தான். கல்லூரிக்குச் சென்று நாலெழுத்துப் படித்த புதிதில் நான் இதையெல்லாம் மூடப்பழக்கம் என்று கண்டித்ததுண்டு. மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் எங்கே என்று அவரிடம் வாதாடியதும் உண்டு. நன்னி மறுமொழி சொன்னதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் என் தாயார் சொன்னார். நன்னி பெற்றவர் எழுவர், தங்கியவர் மூவர். தலைப்பிள்ளைக்கென்று அவர் ஆசையாய்த் தைத்து வைத்த சட்டையை அணிய அந்தப் பிள்ளை இருக்கவில்லை.

1971ஆம் ஆண்டில்கூட, உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன என்று நம் நாட்டு அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு கூறுகிறது. 2020ஆம் ஆண்டில் அந்த எண் 28 ஆகக் குறைந்தது. நன்னி பிள்ளை பெற்ற காலமோ 1971க்கும் நெடுநாள் முந்தியது. ஆளில்லாத ஒரு சிறிய சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாழ்வது எத்தகையது என்பதை அறிந்தவர் அவர். அதை இன்னொரு பெண் அறிய வேண்டாம் என்பதற்காகவே அந்தக் கத்தரி அவர் மடிக்குப் போயிற்று. அப்பழக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாதாடியவனிடம் அதபு இருக்கவில்லை என்பதிலும் ஐயமில்லை.

நாற்பது கழிந்ததும் நன்னியின் கை விழித்துக்கொள்ளும். புதுத் துணியென்றால் கஞ்சி போக இருமுறை அலசி, நிழலில் உலர்த்திய பிறகே வெட்டுவார். பொத்தான் வைக்க மாட்டார்; பிள்ளை வாயில் இட்டு விழுங்கிவிடும். முதுகுப் பக்கம் இரண்டு நாடா, அவ்வளவுதான். தையலின் பிசிறு உடலில் உராயாதிருக்க, மடித்த தையல் வெளிப்புறம் தெரியும்படி அமைப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு அது திருப்பிப் போட்ட சட்டைபோல் இருக்கும். "பார்க்கிறவர்களுக்காகவா தைக்கிறேன்?" என்பார்.

அவரிடம் அளவு நாடா இருந்ததில்லை. உறங்கும் பிள்ளையின் அருகே அமர்ந்து தம் கையாலேயே அளப்பார். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு சாண். மார்பின் குறுக்கே ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு. அளந்து முடித்தபின், துணியில் கரிக்கோடு இடுமுன் எல்லாப் பக்கமும் இரண்டு விரல் கூட்டிக்கொள்வார். அதற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றே: "வளர்கிற பிள்ளை."

அந்த இரண்டு விரலைப் பற்றி நான் நெடுநேரம் சிந்தித்திருக்கிறேன். பிறந்த குழந்தையின் எடை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் இரு மடங்காகும். ஓராண்டில் மூன்று மடங்காகும். ஐம்பது சென்டிமீட்டர் நீளத்தில் பிறந்த பிள்ளை முதல் பிறந்த நாளில் எழுபத்தைந்தை எட்டி நிற்கும். ஆகவே குழந்தையின் சட்டையைத் தைப்பவர், தைத்து முடிக்கும் நாளிலேயே அது உதவாமற் போகும் நாளையும் எண்ணியாக வேண்டும். பெரியவர்களுக்குத் தைக்கும் துணி நெடுநாள் உழைக்க வேண்டும் என்று தைக்கிறோம். குழந்தைக்குத் தைக்கும்போதோ, இது விரைவில் சிறுத்துப் போகட்டும், அடுத்த ஆண்டு இதை இவன் அணிய முடியாமற் போகட்டும் என்ற ஆசையோடு தைக்கிறோம். தன் உழைப்பு பயனற்றுப் போவதையே வேண்டி நிற்கும் தொழில் உலகில் வேறு எத்தனை உண்டு? அளவெடுப்பது இன்றைய பிள்ளையைப் பற்றிய அறிவு; இரண்டு விரல் கூட்டுவது நாளைய பிள்ளைக்கான துஆ.

இவ்விடத்தில் ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சில உடைகள் வந்தன. அவற்றுள் வேலைப்பாடமைந்த சிறிய கறுப்பு ஆடை ஒன்று இருந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று தோழர்களை வினவினார்கள். தோழர்கள் அமைதி காத்தனர். உம்மு காலித் (ரலி) என்னும் சிறுமியை அழைத்து வரச் செய்தார்கள். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற குடும்பத்தில், அந்நாட்டிலேயே பிறந்த குழந்தை அவர். தூக்கி வரப்பட்ட அந்தச் சிறுமிக்கு அண்ணலார் தம் கையாலேயே அதை அணிவித்தார்கள். இது நைந்து பழையதாகும் வரை உடுத்த வேண்டும் என்ற பொருள்பட வாழ்த்தினார்கள். அதன் வேலைப்பாட்டைச் சுட்டி, அழகு என்பதற்கு அபிசீனிய மொழியில் வழங்கும் சொல்லாலேயே அதைப் பாராட்டினார்கள். பிறந்த நாட்டின் மொழியில் ஒரு சொல்! அந்த ஆடை அவருக்கென்று தைக்கப்பட்டதன்று. ஆயினும் அழைத்து வரச் செய்து, தம் கையால் அணிவித்து, அவர் அறிந்த சொல்லால் பாராட்டியதும் அஃது அவருடையதாகிவிட்டது. வாழ்த்தோ, இதைப் பத்திரமாகப் பெட்டியில் வை என்பதன்று. உடுத்துக் கிழி என்பது. துணி நைவதென்றால் அணிந்தவர் நெடிது வாழ்கிறார் என்பதன்றோ பொருள்?

இனி, வீட்டில் தைப்பதெல்லாம் உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. என் மனைவி பள்ளியில் பயின்ற காலத்தில் பெண்களுக்கு ஊசிவேலை ஒரு பாடமாக இருந்தது. கம்பளி நூலில் பின்னக் கற்ற அவர், எங்கள் மூத்த மகனுக்கென்று குல்லாயும் காலுறையும் பின்னினார். பின்னலில் ஒரு கண் பிசகவில்லை. உதகமண்டலத்துப் பிள்ளைக்கு அது அரிய பரிசாக இருந்திருக்கும். எங்கள் புதுக்கோட்டைச் சீமையின் பங்குனி வெயிலில் மகன் அதை அணிந்திருந்தது கால் மணி நேரம். தலை முழுதும் வேர்க்குரு. அளவு சரியாகத்தான் இருந்தது, நாடுதான் தவறு. பாடநூலைப் பார்த்துப் பின்னியபோது பிள்ளையைப் பார்க்க மறந்தோம் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அந்தப் பின்னற்கலைக்கும் நம் பிள்ளைகளின் உடலுக்கும் உறவு இல்லாமற் போகவில்லை. நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கு நெடுக்காக இறுகிக் கிடக்கும், அது நீளாது. பின்னிய துணியில் ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றையொன்று பற்றி நிற்கும். இழுத்தால் கொடுக்கும், விட்டால் சேரும். வளரும் உடலுக்கு இதைவிட இசைந்தது வேறில்லை. கம்பளிக்குப் பதில் மெல்லிய பருத்தி நூலை இட்டு, கைக்குப் பதில் எந்திரத்தால் பின்னியபோது பனியன் துணி பிறந்தது. திருப்பூரில் அந்தத் தொழிலுக்கு 1925ஆம் ஆண்டளவில் முதல் வித்திட்டவர் குலாம் காதர் என்னும் நம் சமுதாயத்தவர் என்று அவ்வூரின் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். இன்று உலகின் எந்தெந்த மூலையிலோ தவழும் குழந்தைகளின் மேலெல்லாம் திருப்பூர்ப் பின்னல் கிடக்கிறது. என் மகளின் பையில் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் அத்தகையவையே.

அந்தப் பையில் விழுந்தவை யார் கையால் ஆனவை? இந்தக் கேள்விக்கு விடை தேட நான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் சிற்றூர் கொடும்பாளூரை ஒட்டியது. இங்கிருந்து மேற்கே மணப்பாறைக்குச் சென்று, அதைக் கடந்தால் புத்தாநத்தம். நம்மவர் மிகுதியாக வாழும் அவ்வூர் ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர் பெற்றது. அங்கே உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, தெருவில் நடந்து செல்கையிலேயே வீட்டுக்கு வீடு தையல் எந்திரத்தின் ஓசை கேட்டது. ஒரு வீட்டின் முன்கூடத்தில், இளம்பெண் ஒருத்தி கவுன்களுக்குக் கை மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். உடலை வேறொருத்தி தைப்பாளாம். ஓரம் அடிப்பது இன்னொருத்தியாம். கூலி டஜன் கணக்கில். வெட்டித் தந்த கைத்துண்டுகள் குன்றுபோல் அவளருகே கிடந்தன. தூளியில் அவளுடைய பிள்ளை. தூளிக்கயிற்றைத் தன் இடக்கால் பெருவிரலில் கட்டியிருந்தாள். வலக்கால் எந்திரத்தின் விசையில். ஒரு கால் பிறர் பிள்ளைக்குச் சட்டை தைக்க, மறு கால் தன் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தது.

தூளியை எட்டிப் பார்த்தேன். உள்ளே கிடந்த பிள்ளையின் சட்டை மூன்று நிறத் துண்டுகளை ஒட்டித் தைத்தது. வெட்டில் மிஞ்சிய துணிகள். ஆனால் அந்தச் சட்டையின் கழுத்து எவ்வளவு செம்மையாக அமைந்திருந்தது!

அன்றுதான், 'கையால் தைத்தது', 'கடையில் வாங்கியது' என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவது எத்தகைய மறதி என்று உணர்ந்தேன். கடையில் வாங்கியதும் கையால் தைத்ததே. நூலை நூற்கவும் துணியைப் பின்னவும் எந்திரம் கற்றுக்கொண்டது. மனிதக் கையின் துணையின்றி ஒரு சட்டையை முழுதும் தைக்க இன்றளவும் அது செவ்வனே கற்கவில்லை. இரும்பையும் மரத்தையும் போலன்றித் துணி தளர்ந்தது; வளையும், சுருங்கும், வழுக்கும். ஊசியின் கீழ் அதை நிரவிக் கொடுக்க மனித விரல்கள் வேண்டும். சிங்கர் என்னும் அமெரிக்கர் தம் தையல் எந்திரத்துக்கு 1851இல் உரிமம் பெற்றார். அன்று முதல் இன்றுவரை ஊசியின் வேகம் கூடியிருக்கிறதே தவிர, துணியைப் பிடிக்கும் விரல் மாறவில்லை. குழந்தையின் கவுன் எத்தனை மலிவாய் இருப்பினும் அதன் ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் ஒரு பெண்ணின் விரல் உண்டு.

2013 ஏப்ரல் 24 அன்று, வங்காள தேசத்துத் தலைநகர் டாக்காவுக்கு அருகேயுள்ள சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 உயிர்கள் மாண்டன. ஆடை தைக்கும் பெண்களே அவர்களுள் பெரும்பாலோர். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரப் பணிக்கப்பட்டனர். அங்கே தைக்கப்பட்டு மேலை நாடுகளுக்குச் சென்ற உடைகளுள் குழந்தைகளின் உடைகளும் இருந்தன. அவற்றை வாங்கிய தாய்மார் எவரும் கொடியவர் அல்லர். அவர்கள் தம் பிள்ளையின் அளவை அறிவர். தைத்தவளின் பிள்ளை இருந்ததை அறியார். நாம் மட்டும் அறிவோமா?

கொடும்பாளூருக்கு வரும் வெளியூரார் மூவர் கோயிலைக் காணாமல் செல்வதில்லை. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயரிலும் எடுப்பித்தவை அம்மூன்று கற்கோயில்கள் என்று அங்குள்ள கல்வெட்டு கூறும். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அவற்றுள் இன்று முழுதாய் நிற்பவை இரண்டே. அந்திப் பொழுதில் அப்பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: கட்டச் சொன்னவரின் பெயர் இருக்கிறது, கல்லை இழைத்த கையின் பெயர் இல்லை. கல்லுக்கே இந்நிலை என்றால், மூன்று மாதத்தில் கிழியும் துணிக்குச் சொல்ல வேண்டுமா?

ஆனால் பெயர் தெரியாத கை ஒன்று ஹதீஸிலும் இருக்கிறது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி அது. கரையிட்ட சால்வை ஒன்றை ஒரு பெண்மணி கொண்டு வந்து, தாங்கள் உடுத்துவதற்கென்றே என் கையால் நெய்தேன் என்று அண்ணலாரிடம் கொடுத்தார். அப்போது அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. அதை உடுத்துக்கொண்டு சபைக்கு வந்தார்கள். வந்திருந்தோருள் ஒருவர், எனக்கு இதைத் தாருங்களேன் என்று கேட்டுவிட்டார். அண்ணலார் மறுக்கவில்லை, இல்லம் சென்றதும் மடித்து அனுப்பிவிட்டார்கள். கேட்பவருக்கு மறுப்பவர்கள் அல்லர் என்று தெரிந்தும் கேட்கலாமா என மற்றவர்கள் அவரைக் கடிந்துகொண்டனர். உடுத்துவதற்காகக் கேட்கவில்லை, என் கஃபனாகட்டும் என்றே கேட்டேன் என்றார் அவர். அவ்வாறே ஆயிற்று.

நெய்தவரின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. தன் கைச்சால்வை அன்றே கைமாறியதை அறிந்து அவர் வருந்தினாரா, மகிழ்ந்தாரா என்பதும் இல்லை. அந்த மௌனம் எனக்கு ஒரு பாடமாக இருந்தது. என் மனைவியின் ஜபலாவை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் நின்றது என் மகள் மட்டுமன்று, உள்ளுக்குள் நானும்தான். கொடுத்தவர் கேட்காத கைம்மாறு ஒன்றை அவர் சார்பில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நினைவில் வைத்துக்கொள் என்று பிள்ளையிடம் கேட்க முடியாததால், மறக்காதே என்று துணியிடம் கேட்டோம்.

இனிச் சொல்லப்போவது, சொல்லாமல் விட்டுவிட முடியுமானால் விட்டிருப்பேன்.

எங்கள் ஊரில் கணவரை இழந்த பெண்மணி ஒருவர் இருந்தார். ஆதரவற்ற பெண்களுக்குத் தமிழக அரசு சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரால் இலவசத் தையல் எந்திரம் வழங்குகிறதன்றோ, அத்திட்டத்தில் கிடைத்த எந்திரமே அவருடைய குடும்பத்தின் அடுப்பை எரித்தது. சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாளுக்காக, என் தம்பியின் பேத்திக்கு இரண்டு பாவாடை சட்டை தைக்கத் துணி கொடுத்திருந்தேன். பிள்ளையை வரச் சொல்லி, நிறுத்தி, திருப்பி, அளவெடுத்தார். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பே தைத்துக் கொண்டு வந்துவிட்டார். பேசிய கூலியை எடுத்துக் கொடுக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "திருச்சியில் இந்தக் கூலிக்கு ஆயத்த உடையே கிடைக்கிறதே அம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கள் விருப்பம்போல் கொடுங்கள் மாமா" என்றார். ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். சாமர்த்தியமாக நடந்துகொண்டதாகவே அன்று எனக்கு நினைப்பு.

பெருநாள் கழிந்து உடைகளைத் துவைத்து மடிக்கும்போது, என் மனைவி அந்தப் பாவாடையை உட்புறம் திருப்பி என் முன் காட்டினார். அடிவிளிம்புக்கு மேலே, உள்ளே மடித்துத் தளர்த்தியாக ஓட்டிய மடிப்பு ஒன்று. ஊரில் அதை டக் என்பார்கள். பிள்ளை உயர உயரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். நான் கேட்டதன்று, கூலி பேசியதில் சேர்ந்ததுமன்று. இரண்டு பாவாடையிலும் சரியாக இரண்டு விரல்.

நான் கூலியில் குறைத்தேன். அவர் அளவில் குறைக்கவில்லை. எனக்குத் தைத்துக் கொடுத்தவர், என் வீட்டுப் பிள்ளை அடுத்த ஆண்டும் நலமாக வளர்ந்து நிற்கும் என்று எண்ணித் தைத்திருக்கிறார். நானோ அவருடைய பிள்ளைகள் அந்த வாரம் என்ன உண்பார்கள் என்றுகூட எண்ணவில்லை. தாம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்போருக்குக் கேடு உண்டு என்று திருக்குர்ஆனின் எண்பத்து மூன்றாம் அத்தியாயம் தொடங்குகிறது. அதை நான் எத்தனை முறை ஓதியிருக்கிறேன்! தராசும் மரக்காலும் வைத்திருக்கும் வணிகரைப் பற்றியது அஃது என்றே நினைத்திருந்தேன். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை மேடையில் எடுத்துச் சொன்னதும் உண்டு. உலருமுன்தான் கொடுத்தேன், குறைத்துக் கொடுத்தேன்.

மறுநாளே ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். "அன்றைக்கே முடிந்த கணக்கு மாமா" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தினேன். "பிள்ளைக்குப் பெருநாள் காசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். சிறிது காலத்தில் அவர் தம் உடன்பிறந்தார் இருக்கும் ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவர் என்னை மன்னித்துத்தான் மறுத்தாரா, அல்லது இந்தக் கடனை என்னிடமே விட்டுவைத்தாரா என்பதை இன்றுவரை என்னால் துணிய முடியவில்லை. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, ஐம்பது ரூபாய்க்கா இத்தனை விசாரம் என்றார். தொகையைப் பற்றிய விசாரமாயின் தீர்ந்திருக்கும்.

அதே நண்பர் வேறொன்றும் கேட்டார்: "அப்படியானால் வீட்டில் தைப்பதும் ஒரு வகையில் தவறுதானே? அந்தக் கூலி ஓர் ஏழைப் பெண்ணுக்குப் போயிருக்குமே?" எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், தொழில்கள் கைவிடப்பட்டால் மக்களின் வாழ்வே குலைந்துவிடும் என்பதால், தொழில் செய்பவர் சமுதாயத்தின் மீதுள்ள கூட்டுக் கடமையொன்றை நிறைவேற்றுவதாக நிய்யத் வைக்க வேண்டும் என்பார்கள். அந்த நோக்கில் பார்த்தால் புத்தாநத்தத்துப் பெண் தைக்கும் கையும் ஒரு ஃபர்ளு கிஃபாயா. அவள் நம் பிள்ளையைக் காணாமலே நமக்காகச் செய்வது. நன்னி தைத்தது கண்டு தைத்தது. கண்டு தைத்தவருக்குக் கண்ட இன்பமே பாதிக் கூலி. காணாமல் தைப்பவளுக்கு அந்தப் பாதியும் இல்லை; ஆகவே அவளுக்குரியது முழுமையாகப் போய்ச்சேர வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் ஒரு சட்டையையேனும் தாமே தைத்துப் பார்த்தால்தான், ஒரு சட்டையில் எத்தனை நேரம் அடங்கியிருக்கிறது என்பது தெரியும் என்பது என் எண்ணம். பெண்கள் என்று எழுதிவிட்டேன். அண்ணலார் தம் உடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, ஆண்களை ஏன் விட்டேன்? எனக்கு ஊசியில் நூல் கோக்க மட்டுமே தெரியும். அதுவும் கண்ணாடி அணிந்த பின்.

மஞ்சள் ஜபலாவின் கதையை முடிக்கவில்லை. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வேளையில், அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தார். செய்தி என்னவென்று கேட்டார். மகள் சொன்னாள். அவர் ஜபலாவை வாங்கி, நாடாவை இழுத்துப் பார்த்தார். ஒன்று நைந்திருந்தது.

"தெருக்கோடி வீட்டில் போன வாரம் பிள்ளை பிறந்திருக்கிறது. நாடாவை மாற்றித் தருகிறேன். கொண்டு போய்க் கொடு."

"நினைவாக ஒன்று இருக்கட்டுமே அம்மா."

"போட்டுக் கிழிக்கத்தானே தைத்தேன்? பெட்டியில் பூட்டவா?"

அதற்குமேல் எவரும் பேசவில்லை. அன்று மாலையே புது நாடாவோடு ஜபலா தெருக்கோடிக்குப் போயிற்று. இரவு உணவுக்குப் பிறகு, பெருநாளுக்குத் தைக்கவென்று மனைவி பேத்தியை அருகே அழைத்தார். அளவு நாடா மேசையில்தான் இருந்தது. கண் முன்போல் தெரியாததால் அவர் அதைத் தொடவில்லை. பிள்ளையின் தோளில் கட்டைவிரலை ஊன்றிக் கையை விரித்தார். கூச்சம் தாங்காமல் அது நெளிந்து சிரித்தது.

"அசையாமல் நில்லும்மா. இரண்டு விரல் போதுமா, மூன்று வைக்கட்டுமா?"

"மூன்று வையுங்கள் அம்மா" என்றாள் என் மகள்.